பேசாத ஊழியர்களிடம் யோசனை வாங்க ஒரு எக்செல் பைல்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களில் பலர் எக்செல் தொகுப்பை வரவு செலவுக் கணக்குப் போடுவதற்காக மட்டும் திறக்கிறார்கள். சிலர் மொய்ப் பட்டியல் தயாரிக்கிறார்கள். இந்தக் கட்டுரையில் அதே எக்செல்லைக் கொண்டு வேறு ஒரு வேலையைச் செய்யப் போகிறோம். உங்கள் கடையிலோ பட்டறையிலோ சின்ன அலுவலகத்திலோ வேலை பார்ப்பவர்களின் மனதில் இருக்கும் யோசனைகளை வெளியே கொண்டு வரப் போகிறோம். பயந்து விடாதீர்கள். மேக்ரோ, புரோகிராம் எதுவும் தேவையில்லை. இரண்டே இரண்டு பார்முலாக்கள் போதும். எக்செல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் தொகுப்பில் உள்ள கால்க் புரோகிராமைப் பயன்படுத்தலாம். மெனுக்கள் கொஞ்சம் இடம் மாறி இருக்கும், அவ்வளவுதான்.

முதலில் இது எதற்காகத் தேவைப்பட்டது என்று சொல்லி விடுகிறேன். திண்டுக்கல்லில் என் தாய்மாமா சிறிய ஆப்செட் அச்சகம் ஒன்றை நடத்துகிறார். மெஷின்மேன்கள் இரண்டு பேர், ஒரு ஹெல்பர், டிடிபி பார்க்கும் ஒரு பெண், பைண்டிங் அக்கா, டெலிவரி செய்யும் தம்பி என்று மொத்தம் ஆறு ஊழியர்கள். 2017-ஆம் ஆண்டு ஜூலையில் ஜிஎஸ்டி வந்த பிறகு வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராகக் கம்ப்யூட்டரில் பில் போடத் தொடங்கினார்கள். பில் புக் ஆர்டர்கள் குறைந்தன. கல்யாணப் பத்திரிகையோ வாட்ஸ்அப்பில் போய்க் கொண்டிருக்கிறது. 500 பத்திரிகை அடித்தவர்கள் 100 போதும் என்கிறார்கள். சென்ற ஆண்டு வைகாசியில் மாமா என்னிடம், "மாப்ளே, ஆடி பிறந்தா முகூர்த்தமே கிடையாது. ஒரு ஆளை நிறுத்தித்தான் ஆகணும் போல இருக்கு" என்றார். யாரை என்று அவர் சொல்லவில்லை. ஹெல்பர் பையனைத்தான் என்பது எனக்குப் புரிந்தது.

அதற்கு முன் எல்லோரையும் கூப்பிட்டு யோசனை கேட்டுப் பார்ப்போம் என்று சொன்னேன். மாமாவும் ஒப்புக் கொண்டு ஒரு சனிக்கிழமை மாலை மீட்டிங் போட்டார். டீ, வடை எல்லாம் வந்தது. "தொழில் வளர என்ன செய்யலாம், தயங்காமச் சொல்லுங்க" என்று ஆரம்பித்தார். சீனியர் மெஷின்மேன், பழைய மெஷினை விற்று விட்டுப் புதிது வாங்கலாம் என்றார். "பணத்துக்கு எங்கே போறது?" என்று மாமா உடனே கேட்டார். அதன் பிறகு யாரும் வாயைத் திறக்கவில்லை. நாற்பது நிமிடம் மாமாவே பேசினார். வடை மட்டும் தீர்ந்தது.

மாமா கெட்டவர் அல்ல. பெரிய சாப்ட்வேர் நிறுவனங்களின் மீட்டிங்குகளிலும் இதுதான் நடக்கிறது. நான் வேலையில் சேர்ந்த முதல் வருடம், மீட்டிங்கில் என் முறை வருவதற்குள் நினைத்து வைத்தது பாதி மறந்து போகும். மீதிப் பாதியை எனக்கு முன்னால் பேசியவரே சொல்லி விடுவார். இல்லாவிட்டால் மேனேஜரின் முகத்தைப் பார்த்து விட்டு நானே விழுங்கி விடுவேன்.

கூடிப் பேசி யோசனைகளைக் குவிக்கும் முறைக்கு "பிரெய்ன்ஸ்டார்மிங்" என்று பெயர். இதைப் பரப்பியவர் அலெக்ஸ் ஆஸ்பார்ன் என்ற அமெரிக்கர். பிபிடிஓ என்ற விளம்பர நிறுவனத்தின் நிறுவனர்களில் ஒருவர். 1953-இல் அவர் எழுதி வெளியிட்ட "அப்ளைடு இமாஜினேஷன்" என்ற புத்தகம் இந்த முறையை உலகம் முழுக்கக் கொண்டு சென்றது. யோசனை சொல்லும்போது யாரும் குறை சொல்லக் கூடாது, எவ்வளவு கிறுக்குத்தனமாக இருந்தாலும் சொல்லலாம், எண்ணிக்கை அதிகமாக வர வேண்டும், அடுத்தவர் சொன்னதன் மேல் இன்னொன்றைச் சேர்க்கலாம் என்பவை அவருடைய விதிகள். மாமா முதல் விதியை முதல் நிமிடத்திலேயே உடைத்து விட்டார்.

ஆனால் விதிகளை ஒழுங்காகக் கடைப்பிடித்தாலும் ஒரு சிக்கல் இருக்கிறது. 1958-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். நான்கு நான்கு பேராக உட்கார்ந்து பேசிய 12 குழுக்கள் ஒரு பக்கம். தனித்தனியாக யோசித்த 48 பேர் மறு பக்கம். தனியாக யோசித்தவர்களின் விடைகளை நான்கு நான்கு பேருடையதாகச் சேர்த்து, ஒன்றுக்கு மேல் வந்தவற்றை ஒன்றாக எண்ணி ஒப்பிட்டார்கள். தனியாக யோசித்தவர்களிடமிருந்துதான் ஏறக்குறைய இரண்டு மடங்கு யோசனைகள் கிடைத்தன! 1987-இல் ஜெர்மனியில் டீல், ஸ்ட்ரோப என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் இதற்கு முக்கியமான காரணத்தைக் காட்டினார்கள். ஒரு நேரத்தில் ஒருவர்தானே பேச முடியும்? அவர் பேசும் வரை மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். காத்திருக்கும்போது தன் யோசனையை நினைவில் பிடித்து வைப்பதிலேயே கவனம் போய் விடுகிறது. புதிதாக எதுவும் தோன்றுவதில்லை.

அப்படியானால் என்ன செய்வது? எல்லோரும் ஒரே நேரத்தில் பேச முடியாது. ஆனால் எல்லோரும் ஒரே நேரத்தில் எழுத முடியும். பெர்ன்ட் ரோர்பாக் என்ற ஜெர்மானியர் இதற்காக ஒரு முறையை எழுதி வெளியிட்டார். அதன் பெயரே 6-3-5. 6 பேர் உட்கார வேண்டும். ஆளுக்கு ஒரு தாள். ஒவ்வொருவரும் 3 யோசனைகளை 5 நிமிடத்தில் எழுத வேண்டும். நேரம் முடிந்ததும் தாளைப் பக்கத்தில் இருப்பவரிடம் தள்ளி விட வேண்டும். வந்த தாளில் இருப்பதைப் படித்து, அதை வளர்த்தோ அல்லது புதிதாகவோ இன்னும் 3 யோசனைகள் எழுத வேண்டும். இப்படி ஆறு சுற்று. அரை மணி நேரத்தில் 6 தாள்களில் தாளுக்கு 18 வீதம் 108 யோசனைகள். பேச்சே கிடையாது.

எங்கள் அச்சகத்தில் சரியாக ஆறு பேர் இருந்தது நல்லதாகப் போயிற்று. உங்களிடம் நான்கு பேர் இருந்தால் நான்கு தாள், நான்கு சுற்று என்று வைத்துக் கொள்ளுங்கள். முதலாளி எழுதக் கூடாது. அந்த அறையிலேயே இருக்கக் கூடாது. மாமாவைத் தெருமுனை டீக்கடைக்கு அனுப்பி வைத்தேன். இதுதான் அன்றைய வேலைகளிலேயே கஷ்டமானது.

கேள்வியும் முக்கியம். "தொழில் வளர என்ன செய்யலாம்?" என்று கேட்டால் புது மெஷின் வாங்கலாம் என்றுதான் பதில் வரும். நான் தாளின் தலைப்பில் இப்படி எழுதினேன்: "நம் கவுண்டருக்கு வந்து ஆர்டர் கொடுக்காமல் திரும்பிப் போகிறவர்களை நிறுத்த என்ன செய்யலாம்?" இதற்குப் பதில் சொல்லப் பணம் வேண்டாம், கண்ணால் பார்த்திருந்தால் போதும்.

ஐந்து நிமிடக் கணக்கு எங்களிடம் செல்லவில்லை. பைண்டிங் அக்காவுக்கு எழுதிப் பழக்கம் விட்டுப் போயிருந்தது. "தம்பி, நான் சொல்றேன், அவ எழுதட்டும்" என்றார். டிடிபி பெண் தன்னுடையதையும் எழுதி அக்காவுடையதையும் எழுதினாள். சுற்றுக்கு எட்டு நிமிடம் ஆக்கினேன். 108 வரவில்லை, 74 வந்தது. போதும்.

இங்கேதான் கம்ப்யூட்டர் வருகிறது. தாள்களை அப்படியே மாமாவிடம் கொடுத்திருந்தால் கையெழுத்தைப் பார்த்தே யார் எழுதியது என்று கண்டுபிடித்து விடுவார். டைப் செய்து விட்டால் எல்லா எழுத்தும் ஒரே எழுத்துதான்.

முதலில் தாள்களைக் கவிழ்த்து நன்றாகக் கலைத்து விட்டு, 1 முதல் 6 வரை எண் போடுங்கள். பிறகு எக்செல்லில் புதிய ஒர்க்புக் ஒன்றைத் திறந்து, முதல் படுக்கை வரிசையில் தலைப்புகளை டைப் செய்யுங்கள். ஏ நெட்டு வரிசையில் "எண்", பியில் "யோசனை", சியில் "தாள்", டியில் "குலுக்கல்". தமிழில் டைப் செய்ய விண்டோஸ் செட்டிங்ஸில் டைம் அண்ட் லாங்குவேஜ் பிரிவில் தமிழ் மொழியைச் சேர்த்துக் கொள்ளுங்கள். ஒலி முறையில், அதாவது அம்மா என்பதற்கு ஆங்கில எழுத்துக்களைத் தட்டும் முறையில், டைப் செய்யும் கீபோர்டும் அதில் கிடைக்கும். விண்டோஸ் கீயை அழுத்திக் கொண்டு ஸ்பேஸ் பாரைத் தட்டினால் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் மாறி மாறிச் செல்லலாம்.

இரண்டாவது வரிசையிலிருந்து ஒவ்வொரு யோசனையையும் ஒரு செல்லில் டைப் செய்யுங்கள். ஏ நெட்டு வரிசையை இப்போது காலியாக விட்டு விடுங்கள். பி நெட்டு வரிசையை மவுஸால் இழுத்து அகலமாக்கி, அதன் தலையில் கிளிக் செய்து, ஹோம் டேபில் உள்ள ராப் டெக்ஸ்ட் பட்டனை அழுத்தினால் நீளமான வாக்கியம் செல்லுக்குள்ளேயே மடிந்து நிற்கும். எழுத்துப் பிழை இருந்தால் திருத்தலாம். ஆனால் வாக்கியத்தை அழகுபடுத்தாதீர்கள். நான் ஒன்றிரண்டை அப்படி மாற்றினேன். எழுதியவர்களுக்கே அடையாளம் தெரியவில்லை.

ஒரே யோசனை பல தாள்களில் வந்திருக்கும். டேட்டா டேபில் ரிமூவ் டூப்ளிகேட்ஸ் என்று ஒரு வசதி உண்டு. அதை நம்ப வேண்டாம். எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தால்தான் அது கண்டுகொள்ளும். "சின்ன ஆர்டர் எடுக்கலாம்" என்பதும் "கம்மியாகக் கேட்டாலும் அடித்துத் தரலாம்" என்பதும் ஒன்றுதான் என்று எக்செல்லுக்குத் தெரியாது. நீங்கள்தான் உட்கார்ந்து படித்துச் சேர்க்க வேண்டும். எங்கள் 74 வரிகள் இப்படி 41 ஆயின.

அடுத்து வரிசையைக் கலைக்க வேண்டும். எதற்கு? பட்டியலைப் படிப்பவர்கள் மேலே இருப்பதைக் கவனமாகப் படிப்பார்கள், கீழே போகப் போகக் கொட்டாவி விடுவார்கள். முதலில் டைப் செய்த தாளுக்கு மட்டும் அந்தச் சலுகை போகக் கூடாது. கீபோர்டை ஆங்கிலத்துக்கு மாற்றிக் கொண்டு டி2 செல்லில் சமக்குறி, பிறகு ஆர், ஏ, என், டி என்ற நான்கு எழுத்துக்கள், பிறகு திறக்கும் அடைப்புக்குறி, மூடும் அடைப்புக்குறி ஆகியவற்றை இடைவெளி இல்லாமல் டைப் செய்து என்டர் தட்டுங்கள். பூச்சியத்துக்கும் ஒன்றுக்கும் இடையில் ஏதோ ஒரு தசம எண் வரும். அந்தச் செல்லின் வலது கீழ் மூலையில் உள்ள சிறிய சதுரத்தைப் பிடித்துக் கடைசி வரி வரை இழுங்கள். இப்போது டி நெட்டு வரிசையில் ஏதாவது ஒரு எண்ணைக் கிளிக் செய்து, டேட்டா டேபில் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கும் பட்டனை அழுத்துங்கள். யோசனைகள் சீட்டுக்கட்டு போலக் கலைந்து விடும். அடுக்கிய பிறகும் டியில் உள்ள எண்கள் வரிசையாக இல்லையே என்று குழம்ப வேண்டாம். இந்த பார்முலா ஒவ்வொரு முறையும் புது எண்ணைத் தரும். நம் வேலை முடிந்து விட்டது. டி நெட்டு வரிசையில் உள்ளதை அழித்து விட்டு டி1 செல்லில் "ஓட்டு" என்று தலைப்பை மாற்றுங்கள்.

இனி ஏ2 செல்லில் 1, ஏ3 செல்லில் 2 என்று டைப் செய்து, இரண்டையும் செலக்ட் செய்து கீழே இழுத்தால் எண்கள் வந்து விடும். சி நெட்டு வரிசையின் தலையில் ரைட் கிளிக் செய்து ஹைட் கொடுங்கள். ஒரு யோசனை எந்தத் தாளில் பிறந்தது என்பது பின்னால் நமக்கு மட்டும் தேவைப்படும். பட்டியலைப் பிரின்ட் எடுத்து ஆளுக்கு ஒன்று கொடுத்து விடுங்கள்.

டைப் செய்யும்போது 23-ஆவது வரியில் என் கை நின்றது. "புரூப் இரண்டு நாள் முதலாளி மேஜையிலேயே கிடக்கிறது. அதற்குள் பார்ட்டி வேறு பிரஸ்ஸுக்குப் போய் விடுகிறார்." மாமாவின் கோபம் எனக்குத் தெரியும். கன்ட்ரோல் கீயோடு மைனஸ் கீயைத் தட்டினால் அந்த வரி போய் விடும். யாருக்கும் தெரியாது என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் ஆறு பேரும் எல்லாத் தாள்களையும் படித்தவர்கள். பிரின்ட் வந்ததும் அவர்கள் முதலில் தேடப் போவது இந்த வரியைத்தான். அது இல்லை என்றால் அடுத்த முறை ஆறு தாளும் வெள்ளையாகத்தான் வரும். அப்படியே விட்டு விட்டேன்.

ஓட்டுப் போடுவது சுலபம். ஒவ்வொருவரும் தமக்குப் பிடித்த மூன்று யோசனைகளின் எண்களைச் சீட்டில் எழுதித் தர வேண்டும். 6 பேருக்கு 18 எண்கள். இவற்றை ஜி நெட்டு வரிசையில் ஜி2 முதல் ஜி19 வரை டைப் செய்யுங்கள். நடுவில் இ, எப் நெட்டு வரிசைகள் கட்டாயம் காலியாக இருக்க வேண்டும். அப்படி இருந்தால்தான் பட்டியலை அடுக்கும்போது சீட்டு எண்களும் சேர்ந்து கலையாமல் இருக்கும். நான் ஒட்டினாற்போலப் போட்டு விட்டு மறுபடி டைப் செய்தேன்.

டி2 செல்லைக் கிளிக் செய்யுங்கள். பார்முலா பாரின் இடது பக்கம் எப்எக்ஸ் என்று சிறிய பட்டன் இருக்கும். அதை அழுத்தி, வரும் விண்டோவில் கவுன்ட்இப் என்ற பங்ஷனைத் தேடி எடுத்து ஓகே கொடுங்கள். இரண்டு கட்டங்கள் கேட்கும். ரேஞ்ச் என்ற கட்டத்தில் கர்சரை வைத்து ஜி2 முதல் ஜி19 வரை மவுஸால் இழுத்து, உடனே கீபோர்டில் மேல் வரிசையில் உள்ள எப்4 கீயைத் தட்டுங்கள். டாலர் குறிகள் தோன்றும். பார்முலாவை இழுத்தாலும் இந்த இடம் நகராது என்பதற்கான பூட்டு அது. சில லேப்டாப்களில் எப்என் கீயையும் சேர்த்து அழுத்த வேண்டி இருக்கும். கிரைட்டீரியா என்ற கட்டத்தில் கர்சரை வைத்து ஏ2 செல்லைக் கிளிக் செய்து ஓகே கொடுத்து, டி2வைக் கடைசி வரை இழுங்கள். ஒவ்வொரு யோசனைக்கும் எத்தனை ஓட்டு என்று வந்து விடும். பெரியதிலிருந்து சிறியதாக அடுக்குங்கள்.

எங்கள் பட்டியலில் முதல் நான்கு யோசனைகள் 6, 5, 3, 2 ஓட்டு வாங்கின. ஒவ்வோர் ஓட்டு வாங்கியவை இரண்டு. ஆறு பேரும் ஓட்டுப் போட்ட யோசனை யாருடையது என்று சொல்லவே முடியாது. அது வளர்ந்த விதத்தைச் சி நெட்டு வரிசையைத் திறந்து, அந்தத் தாளை எடுத்து வைத்துப் பார்த்தேன். முதல் சுற்றில் ஒருவர், "100 பத்திரிகை கேட்டு வருகிறவர்களைத் திருப்பி அனுப்பக் கூடாது" என்று எழுதியிருந்தார். ஆப்செட்டில் 100 அடித்தாலும் 1000 அடித்தாலும் பிளேட் செலவும் மெஷினை செட் செய்யும் நேரமும் ஒன்றுதான். அதனால்தான் மாமா சின்ன ஆர்டர் எடுப்பதில்லை. மூன்றாவது சுற்றில் இன்னொருவர் அதற்கு வழி எழுதியிருந்தார்: "ஒரே அட்டையில் மூன்று வீட்டுப் பத்திரிகையைச் சேர்த்து செட் செய்து அடித்து வெட்டினால் பிளேட் செலவு மூன்றாகப் பிரியும்." விசிட்டிங் கார்டுக்குப் பல அச்சகங்களில் இப்படிச் செய்வது உண்டு. பத்திரிகைக்குச் செய்யலாம் என்று இங்கே யாருக்கும் தோன்றவில்லை. மூன்று வீட்டு ஆர்டரும் ஒரே நாளில் வராதே? ஐந்தாவது சுற்றில் பதில் இருந்தது: "செவ்வாய், வெள்ளி மட்டும் சின்ன ஆர்டர் என்று போர்டு வைக்கலாம்." மீட்டிங்கில் முதல் வரியைச் சொல்லியிருந்தால் மாமா அங்கேயே அடித்து உட்கார வைத்திருப்பார். மூன்றாவது வரி பிறந்தே இருக்காது.

ஐந்து ஓட்டு வாங்கியது அந்தப் புரூப் விஷயம். மாமா கண்ணாடியைப் போட்டுக் கொண்டு அதை இரண்டு முறை படித்தார். "யாருடா எழுதினது?" என்றார். "அப்படி ஒரு நெட்டு வரிசையே இதில் கிடையாது மாமா" என்றேன். அன்று அவர் வேறு எதுவும் பேசவில்லை. அடுத்த வாரம், வெறும் எழுத்துத் திருத்தம் என்றால் டிடிபி பெண்ணே பார்த்து பிளேட்டுக்கு அனுப்பலாம் என்று சொல்லி விட்டார்.

சின்ன ஆர்டர் போர்டு ஆனியில் வைத்தோம். முதல் வாரமே பேக்கிங்கில் இரண்டு வீட்டுப் பத்திரிகைகள் கலந்து, ஒரு மாப்பிள்ளை வீட்டார் வேறு பெண்ணின் பெயர் போட்ட பத்திரிகையோடு வந்து சத்தம் போட்டார்கள். பைண்டிங் அக்கா வெட்டும் மெஷின் பக்கத்தில் மூன்று நிற டிரேக்களை வைத்த பிறகு அது நின்றது. லாபம் பெரிதாக இல்லை. ஆடியில் கல்யாணம் இல்லாவிட்டாலும் கிரகப்பிரவேசமும் வளைகாப்பும் ஆவணிக்காக முன்கூட்டியே 50, 100 என்று வரத் தொடங்கின. ஹெல்பர் பையன் அந்த ஆடியில் வேலையில் இருந்தான். மாமா மறுபடி அந்தப் பேச்சை எடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

உங்கள் ஊழியர்கள் எல்லோரிடமும் ஸ்மார்ட்போன் இருந்தால், தாளுக்குப் பதில் கூகுள் பார்ம்ஸ் மூலம் முதல் சுற்றை நடத்தலாம். செட்டிங்ஸில் இமெயில் முகவரி சேகரிக்கும் வசதி நிறுத்தப்பட்டிருக்கிறதா என்று பார்த்துக் கொள்ளுங்கள். ஆனால் ஒருவர் எழுதியதன் மேல் இன்னொருவர் எழுதுவது அதில் சரியாக வராது. எனக்குத் தாள்தான் பிடித்திருக்கிறது.

கடைசியாக, ஓட்டு வாங்காத வரிகளை அழித்து விடாதீர்கள். ஒர்க்ஷீட்டின் அடியில் உள்ள கூட்டல் குறியைக் கிளிக் செய்து "பிறகு" என்று இன்னொரு ஷீட் உருவாக்கி அதில் வெட்டி ஒட்டி வையுங்கள். 3எம் நிறுவனத்தில் ஸ்பென்சர் சில்வர் என்ற விஞ்ஞானி 1968-இல் லேசாக ஒட்டி எளிதில் பிரியும் ஒரு பசையைக் கண்டுபிடித்தார். அதை எதற்குப் பயன்படுத்துவது என்று யாருக்கும் தெரியவில்லை. 1974-இல் அதே நிறுவனத்தின் ஆர்ட் பிரை, தேவாலயப் பாட்டுப் புத்தகத்திலிருந்து அடையாளச் சீட்டுகள் விழுந்து கொண்டே இருக்கின்றனவே என்று யோசித்தபோது அந்தப் பசை நினைவுக்கு வந்தது. 1980-இல் போஸ்ட்-இட் சீட்டுகள் அமெரிக்கா முழுவதும் விற்பனைக்கு வந்தன. மாமாவின் கம்ப்யூட்டரில் "பிறகு" ஷீட்டில் 35 வரிகள் இருக்கின்றன. ஒரு காப்பியைப் பென் டிரைவில் எடுத்து வைத்திருக்கிறேன்.